"இடது பக்கம் திருப்பினால் போதாதா?" – ஒரு ஸ்டாக் கார் ஓட்டுநரின் பிழைப்பு

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து எங்கள் தெரு டீக்கடையில்கூட கார் பந்தயம்தான் பேச்சு. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பேச்சில் எஃப்1, எண்டியூரன்ஸ், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த எஃப்4 இரவுப் பந்தயம், அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்கார் எல்லாம் ஒரே சாம்பாராகிவிடுகிறது. நாஸ்கார் பேச்சு வந்ததும் ஒருவர் அடித்துச் சொன்னார்: "அது சும்மாண்ணே. ரவுண்டு டிராக்கு. ஸ்டீயரிங்கை லெஃப்ட்ல ஒடிச்சு வெச்சுட்டு, ஆக்சிலேட்டர் மேல ஒரு செங்கல்லை வெச்சா வண்டி தானா ஓடும்."

பெரும்பாலான டிராக்குகளில் அந்தச் செங்கல் வண்டி முதல் வளைவிலேயே சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏன் என்பதை முதலில் சொல்கிறேன். ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. நாஸ்கார் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டுவது பாதி வேலை. அந்த வண்டியின் இருக்கை அடுத்த வருஷமும் தன்னிடமே இருக்கும்படி பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதி டிவியில் தெரியாது.

## முதலில், ஸ்டாக் கார் என்றால் என்ன?

'ஸ்டாக்' என்றால் இங்கே கடை இருப்பு. ஷோரூமில் நிற்கும் காரை அப்படியே எடுத்துவந்து ஓட்டுவதுதான் ஸ்டாக் கார் பந்தயம். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் பில் ஃபிரான்ஸ் 1948-ல் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கினார். ஷோரூம் கார்களுக்கான முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் நடந்தது. க்ளென் டன்அவே முதலில் வந்தார். வண்டியைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கியிருந்தது தெரிந்துபோயிற்று. அது கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் செய்யும் வேலை. டிக்கி நிறைய சரக்கு ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்காது, போலீஸுக்குச் சந்தேகம் வராது, வளைவிலும் வண்டி ஆடாது. வெற்றியைப் பறித்து இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையார் சுழியே தில்லுமுல்லில்தான். என்னைக் கேட்டால், அந்த விளையாட்டின் குணத்துக்கு இது ரொம்பப் பொருத்தம்.

இன்றைய ஸ்டாக் காரில் கடைச்சரக்கு எதுவும் கிடையாது. உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, முன்னால் 5.8 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளளவுள்ள வி8 எஞ்சின். வெளித்தோற்றம் மட்டும் டொயோட்டா கேம்ரி, ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலே கமாரோ சாயலில் இருக்கும். ஹெட்லைட் என்று நீங்கள் நினைப்பது ஸ்டிக்கர். திறக்கிற கதவு கிடையாது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் காலை விட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். ஸ்பீடோமீட்டர்கூடக் கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிட வேண்டும். ஓட்டுநரும் பெட்ரோலும் இல்லாமலே ஒன்றரை டன்னை நெருங்கும் எடை, எஃப்1 காரைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

2022-ல் 'நெக்ஸ்ட் ஜென்' என்ற புது வண்டி வந்தபின், பெரும்பாலான பாகங்களை எல்லா அணிகளும் ஒரே சப்ளையர்களிடமிருந்துதான் வாங்க வேண்டும். அதனால் அணிகளுக்குள் வண்டி வித்தியாசம் குறைந்துவிட்டது. வேகத்தை இனி நுணுக்கங்களில்தான் தேட வேண்டும்.

## மரணக் கிணறு பார்த்திருக்கிறீர்களா?

பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். செங்குத்தான பலகைச் சுவரில் பைக் விழாமல் சுற்றுகிறதே, அதே சங்கதிதான் கொஞ்சம் சாய்த்துப் போட்டால் நாஸ்கார் டிராக். தட்டையான சாலையில் வேகமாகத் திரும்பும்போது வண்டியைப் பிடித்து வைப்பது டயரின் உராய்வு மட்டும்தான். சாலையை உள்பக்கம் சாய்த்துக் கட்டினால் சாலையே வண்டியை உள்நோக்கித் தள்ளும். இந்தச் சாய்மானத்துக்கு 'பேங்கிங்' என்று பெயர்.

டேடோனாவில் ஒரு சுற்று நான்கு கிலோமீட்டர், வளைவுகளில் 31 டிகிரி பேங்கிங். நடந்து ஏறவே மூச்சு வாங்கும். அலபாமாவில் உள்ள டல்லடேகாவில் 33 டிகிரி. இந்த இரண்டு இடங்களிலும் வண்டி தனியாக ஓடினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டியதில்லை. செங்கல் அண்ணன் சொன்னது இங்கே மட்டும் கொஞ்சம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வர்ஜீனியாவின் மார்டின்ஸ்வில்லுக்குப் போனால் கதை வேறு. மொத்தச் சுற்றே சுமார் 850 மீட்டர், பேங்கிங் 12 டிகிரி, வடிவம் பேப்பர் கிளிப் மாதிரி. நேராக ஓடி, பிரேக்கை மிதித்து, வளைந்து, மறுபடி முடுக்க வேண்டும். 500 சுற்றுப் பந்தயமென்றால் இதை ஆயிரம் தடவை செய்ய வேண்டும். இரவில் பார்த்தால் சக்கரத்துக்குள் பிரேக் தட்டு அடுப்புக் கரி மாதிரி சிவந்து தெரியும்.

இங்கேதான் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டியின் மூக்கு திரும்பாமல் நேராகவே வழுக்கிக்கொண்டு போனால் வண்டி 'டைட்'. மூக்கு திரும்பி, வால் வெளியே வீசினால் 'லூஸ்'. டைட் என்றால் மோதப்போகிற சுவர் கண்ணுக்குத் தெரியும், லூஸ் என்றால் சத்தம்தான் கேட்கும் என்று அந்த ஊரில் ஒரு பழைய கிண்டல் உண்டு.

டயர் தேயத் தேய, பெட்ரோல் குறையக் குறைய, வெயில் சாயச் சாய, டைட்டாக இருந்த வண்டி லூஸாகும், லூஸாக இருந்தது டைட்டாகும். ஓட்டுநர் அதை உடம்பில் உணர்ந்து ரேடியோவில் சொல்ல வேண்டும். கேட்பவர் 'க்ரூ சீஃப்', அந்த வண்டிக்கான தலைமை இன்ஜினியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் "வயிறு வலிக்குது" என்பதற்கும், "சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வலது பக்கம் குத்துது" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்? "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஓட்டுநருக்கு க்ரூ சீஃப் ஒன்றும் செய்ய முடியாது. "வளைவுக்குள் நுழையும்போது நல்லா இருக்கு, நடுவுல டைட், வெளியே வரும்போது வால் ஆடுது" என்று சொல்லத் தெரிந்தால், அடுத்த முறை பிட்டில் (பந்தயத்துக்கு நடுவே டயர் மாற்றவும் பெட்ரோல் ஊற்றவும் ஒதுங்கும் இடம்) நிற்கும்போது டயர் காற்றையும் ஸ்பிரிங் அழுத்தத்தையும் ஒரு சிட்டிகை மாற்றிவிடுவார். 1992-ல் சாம்பியனான ஆலன் குல்விக்கி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், தன் அணிக்குத் தானே முதலாளி. அவர் ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பிட்டில் நிற்பதும் ஒரு கூத்து. ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதித்து, நான்கு டயரையும் மாற்றிப் பெட்ரோல் ஊற்றி, பத்து விநாடி வாக்கில் அனுப்பிவிடுவார்கள். அவர்களில் பலர் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டிராக்குக்கு டிராக் வேலை மாறும், ஒரே பந்தயத்துக்குள் வண்டியின் குணமும் மாறும். ஓட்டுநர் அதைச் சமாளிப்பதோடு நிற்காமல் வாயால் விளக்கவும் வேண்டும்.

## ஆடிக் காற்றும் லாரியும்

ஆடிக் காற்றில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தப் பகுதி தேவையே இல்லை. ஒரு லாரி மெதுவாகக் கடந்து போகிறது, நீங்கள் அதன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறீர்கள். சட்டென்று பெடல் லேசாகிவிடும். லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாகிறது, அதில் நீங்கள் பயணிக்கிறீர்கள். கார் பந்தயத்தில் இதற்கு 'டிராஃப்டிங்' என்று பெயர்.

1960-ல் டேடோனா 500 (500 மைல்) பந்தயத்துக்கு ஜூனியர் ஜான்சன் கொண்டுவந்த செவ்ரோலே மற்ற வண்டிகளைவிட வேகம் குறைவு. அப்பாவின் சாராயத்தை ராத்திரி ராத்திரியாகக் கொண்டுபோய்ப் பழகியவர் அவர். பயிற்சியில் ஒரு வேகமான வண்டிக்குப் பின்னால் ஒட்டி ஓட்டிப் பார்த்தார். தன் வண்டியும் அதே வேகத்தில் போவது தெரிந்தது. பந்தயத்திலும் அப்படியே செய்து ஜெயித்தார்.

சைக்கிள் உதாரணம் இங்கே ஒரு இடத்தில் உதைக்கும். உங்கள் சைக்கிளால் லாரிக்கு லாபம் ஒன்றுமில்லை. கார்களில் முன்னால் போகிறவருக்கும் லாபம் உண்டு. ஓடும் காருக்குப் பின்னால் உண்டாகும் அந்த வெற்றிடம் காரைப் பின்னோக்கி இழுக்கும். இன்னொரு கார் வந்து அந்த இடத்தை அடைத்துவிட்டால் இழுப்பு குறையும். அதனால் ஒட்டிப் போகும் இரண்டு கார்கள், தனியாகப் போகும் ஒரு காரைவிட வேகமாகப் போகும். டேடோனாவில் வரிசையை விட்டு முந்தப் பார்த்து, பின்னால் யாரும் கூட வராவிட்டால், கண் மூடித் திறப்பதற்குள் பத்து இடம் பின்னால் போய்விடுவீர்கள். கடைசிச் சுற்றில் உங்களைத் தள்ளிவிட யாராவது வேண்டும். அவர் போன வாரம் நீங்கள் இடித்துச் சுழலவிட்ட ஆளாக இருந்தால் என்ன ஆகும்? சீசனின் 36 வாரமும் ஏறக்குறைய அதே முப்பத்தாறு பேரோடுதான் ஓட்ட வேண்டும். அங்கே யாரும் எதையும் மறப்பதில்லை.

அப்புறம் இன்னொரு குறுக்குச்சால். நேர்ப்பாதையில் உதவுகிற அதே காற்று, நடுத்தர டிராக்குகளின் வளைவில் காலை வாரும். முன்னால் போகும் வண்டி கலைத்துவிட்ட காற்று உங்கள் வண்டியின் மூக்கைச் சரியாக அழுத்தாது. மூக்கு லேசானால் வண்டி டைட். அதனால்தான் சில பந்தயங்களில் வேகமான வண்டிகூட முன்னால் போகிறவரின் வாலைப் பிடித்துக்கொண்டே ஐம்பது சுற்று சுற்றும், முந்தாது. பார்க்கிறவர்களுக்கு அலுப்பு. உள்ளே இருப்பவருக்கு வேர்த்து விறுவிறுக்கும். அந்தக் கூண்டுக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும்.

கண்ணாடியில் எல்லாத் திசையும் தெரியாது. தலை பின்னால் திரும்பாதபடி பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு 'ஸ்பாட்டர்' உண்டு. ஸ்டேடியக் கூரைமேல் நின்று ரேடியோவில் பேசிக்கொண்டே இருப்பார். நம்மூர் டவுன் பஸ்ஸில் பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "வரலாம் வரலாம்... லெஃப்ட்ல ஆட்டோ... ஹோல்டான்... ரைட் ரைட்" என்று குரல் கொடுக்கும் கண்டக்டர்தான் அவர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் குரலை நம்பித்தான் வண்டியைத் திருப்புகிறார்கள்.

அந்த வேகத்துக்கும் ஒரு கடிவாளம் உண்டு. 1987-ல் டல்லடேகா தகுதிச்சுற்றில் பில் எலியட் மணிக்கு சுமார் 342 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதே வாரப் பந்தயத்தில் பாபி ஆலிசனின் வண்டி பறந்துபோய்ப் பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. அடுத்த வருஷத்திலிருந்து இந்தப் பெரிய டிராக்குகளில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கத் துளையிட்ட தகடு போட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வதுபோல. இன்று வேறு வடிவத்தில் அதே ஏற்பாடு தொடர்கிறது. விளைவு, எல்லோருக்கும் ஒரே வேகம், நாற்பது வண்டிகளும் தேர்க்கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். ஒருவர் சறுக்கினால் இருபது பேர் காலி.

## சரி, அந்த வண்டிக்குள் எப்படிப் போய்ச் சேருவது?

கிரிக்கெட்டில் டிவிஷன் லீக், ரஞ்சி, இந்திய அணி என்று படிகள் இருக்கிறதல்லவா, இங்கும் படிகள் உண்டு. ஐந்து, ஆறு வயதில் கோ-கார்ட் அல்லது குட்டி வண்டிகள். அப்புறம் உள்ளூர்ச் சின்ன டிராக்குகளில் 'லேட் மாடல்' என்ற பந்தயக் கார்கள். அதற்கு மேல் ஆர்கா தொடர். அதன்பின் நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்கள்: பிக்கப் லாரி வடிவ வண்டிகள் ஓடும் ட்ரக் தொடர், இரண்டாம் தொடர் (பல வருஷம் எக்ஸ்ஃபினிட்டி என்ற பெயரில் இருந்தது, 2026 முதல் ஓரைலி), உச்சியில் கப் தொடர். டிவியில் நாம் பார்க்கும் நாஸ்கார் பெரும்பாலும் இந்தக் கப் தொடர்தான். பிப்ரவரியில் டேடோனா 500-ல் தொடங்கி நவம்பர் வரை 36 பந்தயங்கள்.

இந்த ஏணியில் நம்ம ஆள் ஒருவரும் ஏறியிருக்கிறார். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் எஃப்1 ஓட்டிய முதல் இந்தியர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் 2010-ல் அமெரிக்கா போய் ட்ரக் தொடரில் ஓட்டியது பலருக்குத் தெரியாது. எஃப்1 ஓட்டியவரென்றாலும் தொடங்கிய இடம் அந்தப் படிதான். மார்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், 13-வது இடம். அந்த வருஷம் ஒன்பது பந்தயங்கள் மட்டுமே ஓட்டியும், ரசிகர் வாக்கில் ட்ரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் பட்டம் அவருக்குத்தான் போனது. இங்கிருந்து எத்தனை பேர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வாக்களித்தார்களோ! அடுத்த வருஷம் அவர் எஃப்1-க்கே திரும்பிவிட்டார்.

கிரிக்கெட் ஒப்பீடு இதற்கு மேல் உதவாது. ரஞ்சியில் ஆட நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் பெரும்பாலும் ஓட்டுநர்தான் பணம் கொண்டுவர வேண்டும், அப்பா பணமோ, ஸ்பான்சர் பணமோ. வண்டி, டயர், எஞ்சின், மெக்கானிக், பயணம் என்று எல்லாவற்றுக்கும் செலவு. கார் பந்தய ஓட்டுநர் என்றால் கோடிக்கணக்கில் சம்பளம் என்று நினைக்கிறோம். ஏணியின் பெரும்பகுதியில் காசு எதிர்த்திசையில்தான் ஓடுகிறது.

ஜோஷ் பெர்ரி கதையைச் சொல்கிறேன், நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. டென்னசிக்காரர், 1990-ல் பிறந்தவர். சின்ன டிராக்குகளில் ஓட்டினார், பிழைப்புக்கு வங்கி கவுன்ட்டரில் பணம் எண்ணினார். ராத்திரியில் கம்ப்யூட்டரில் பந்தய சிமுலேட்டர் ஆடுவார். அங்கே எதிரில் ஆடிய ஒருவரோடு பழக்கமானது. அவர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், நாஸ்காரின் மிகப் பிரபலமான ஓட்டுநர், ஒரு அணியின் முதலாளியும்கூட. 2010-ல் தன் லேட் மாடல் வண்டியை ஓட்டிப் பார்க்க அவர் பெர்ரியை அழைத்தார்.

சினிமாவென்றால் அடுத்த பாட்டிலேயே சாம்பியன். நிஜத்தில் பத்து வருஷம் பெர்ரி அந்தக் கீழ்ப்படியிலேயே ஓட்டினார். பட்டறையில் வண்டி வேலையும் பார்த்தார். மேலே ஏற ஸ்பான்சர் இல்லை. 2020-ல் உள்ளூர் டிராக்குகளுக்கான தேசியப் பட்டம் வென்றார். 2021-ல் இரண்டாம் தொடரில் சில பந்தயங்கள் மட்டும் ஓட்ட இடம் கிடைத்தது, மார்டின்ஸ்வில்லில் ஜெயித்தார். 2024-ல், 33 வயதில், கப் தொடரில் முழுநேர இருக்கை. அந்த வருஷம் மே மாதமே அவருடைய அணி, சீசன் முடிந்ததும் கடையை மூடப்போவதாக அறிவித்தது.

அங்கே விட்ட கதையைக் கீழே தொடர்கிறேன். அணி மூடினால் ஓட்டுநருக்கு என்ன ஆகும் என்பது புரிய, முதலில் அந்த இருக்கை யாருடையது என்று பார்த்துவிடலாம்.

## இருக்கை யாருடையது? பர்மிட்டும் உபயமும்

தனியார் பஸ் தொழிலில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், பஸ்ஸைவிட ரூட் பர்மிட்தான் மதிப்பு என்பார். நாஸ்காரிலும் அதுதான். அங்கே பர்மிட்டுக்குப் பெயர் 'சார்ட்டர்'. 2016-ல் வந்த ஏற்பாடு. மொத்தம் 36. கப் பந்தயத்தில் அதிகபட்சம் நாற்பது வண்டிகள் ஓடலாம். சார்ட்டர் உள்ள 36 வண்டிகளுக்கு ஒவ்வொரு பந்தயத்திலும் இடம் உறுதி, வருமானத்தில் பங்கும் உறுதி. சார்ட்டர் இல்லாத அணி மிச்சமிருக்கும் நாலு இடத்துக்கு மோத வேண்டும். ஒரு சார்ட்டர் 2023-ல் சுமார் 4 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் பங்குதாரராக உள்ள அணி உட்பட இரண்டு அணிகள் இந்தச் சார்ட்டர் நிபந்தனைகளை எதிர்த்து நாஸ்கார் மீதே வழக்குப் போட்டு, 2025 டிசம்பரில் சமரசமாயின.

சார்ட்டர் அணி முதலாளியுடையது. பஸ் டிரைவருக்குப் பர்மிட்டில் பங்கு உண்டா? இல்லை. இவருக்கும் இல்லை. ஓட்டுநர்களுக்குத் தொழிற்சங்கமும் கிடையாது; ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தக்காரர். சம்பள விவரத்தை வெளியே சொல்வதில்லை. பொதுவாக ஒரு நிலையான தொகை, பரிசுப் பணத்தில் பங்கு, பொம்மைக் கார், டிஷர்ட் விற்பனையில் கொஞ்சம் என்று கலந்து இருக்கும்.

சார்ட்டர் இடம் தரும், முழுச் செலவையும் தாங்காது. மீதிக்கு ஸ்பான்சர். கோயிலில் ட்யூப் லைட் முழுக்க 'உபயம்' என்று எழுதி வெளிச்சமே தெரியாமல் செய்துவிடுவார்களே, நாஸ்கார் வண்டியின் பானெட்டைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஒரே நிறுவனம் 36 வாரத்துக்கும் பணம் கொடுத்த காலம் அநேகமாகப் போய்விட்டது. பத்து நாள் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி செட்டியார் வீடு, மறுநாள் வணிகர் சங்கம் என்று பிரித்துக்கொள்வதுபோல, இந்த வாரம் ஒரு பெயின்ட் கம்பெனி, அடுத்த வாரம் ஒரு பிஸ்கட் கம்பெனி. வண்டியின் நிறமே வாராவாரம் மாறும்.

உபயதாரரைத் திருப்திப்படுத்துவது ஓட்டுநரின் வேலை. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று க்ரூ சீஃபோடு உட்கார்ந்து பந்தயத்தை அலசுவார். வாரத்தின் நடுவில் சிமுலேட்டர், உடற்பயிற்சி, அதோடு ஸ்பான்சரின் கடைத் திறப்பு விழா, விருந்தினரோடு கைகுலுக்கல், விளம்பரப் படப்பிடிப்பு. ஜெயித்ததும் பேட்டியில் மூச்சு விடாமல் கம்பெனிப் பெயர்களை ஒப்பிப்பார்களே, அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. அது அவர்களுடைய அடுத்த வருஷச் சோறு.

உபயதாரர் போனால் என்ன ஆகும்? ஃபுளோரிடாவில் தர்ப்பூசணி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ராஸ் சாஸ்டெயின். 2018-ல் நல்ல வண்டியில் சில பந்தயங்கள் மட்டும் கிடைத்தன. லாஸ் வேகாஸில் ஜெயித்தார். 2019-க்கு அதே அணியில் முழு சீசன் இருக்கையும் உறுதியானது. 2018 டிசம்பரில் ஸ்பான்சரான சூரிய மின்சக்தி நிறுவனத்தில் எஃப்பிஐ சோதனை. பணம் நின்றது, இருக்கையும் போயிற்று. அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி மேலே வந்து, 2022-ல் கப் பந்தயம் ஜெயித்து வண்டியின் கூரையில் நின்று தர்ப்பூசணியைப் போட்டு உடைத்தார்.

கைல் லார்சன் விஷயத்தில் தப்பு அவருடையது. 2020-ல் இணையப் பந்தயம் ஒன்றில் மைக் திறந்திருப்பது தெரியாமல் இனவெறிச் சொல் ஒன்றைச் சொன்னார். ஸ்பான்சர்கள் விலகினார்கள், அணி சில நாளில் அவரை நீக்கியது. மறுவருஷம் வேறு அணி இடம் கொடுத்தது. பத்துப் பந்தயங்கள் ஜெயித்துச் சாம்பியனானார். திறமை அவ்வளவு இருந்தும் இடையில் ஒரு சீசன் போனது போனதுதான்.

சுருக்கமாகச் சொன்னால் இடம் சார்ட்டரால், செலவு ஸ்பான்சரால். இரண்டும் ஓட்டுநரின் கையில் இல்லை.

இப்போது பெர்ரிக்கு வருவோம். அவருடைய அணி மூடுவதாகச் சொன்ன சில வாரங்களில், 1950-ல் தொடங்கிய பழம்பெரும் அணியான வுட் பிரதர்ஸ் அவரை 2025-க்கு எடுத்துக்கொள்வதாக 2024 ஜூலையில் அறிவித்தது. அந்த 21-ம் எண் வண்டியை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் ஹாரிசன் பர்ட்டன், 23 வயது, அதுவரை கப் வெற்றி இல்லை. வேலை போகிறது என்று தெரிந்த பின்னும் சீசன் முடிய ஓட்டித்தானே ஆக வேண்டும்? ஆகஸ்டில் டேடோனாவில் ஜெயித்துவிட்டார். அது அந்த அணியின் நூறாவது வெற்றி, பல வருஷமாகக் காத்திருந்த எண். ஆனாலும் முடிவு மாறவில்லை, ஒப்பந்தம் ஏற்கெனவே போட்டாயிற்று. பர்ட்டன் இரண்டாம் தொடருக்கு இறங்கினார். அதே வண்டியில் பெர்ரி 2025 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ஜெயித்தார், 34 வயதில், நூற்றியோராவது வெற்றியாக.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

## எப்போது இறங்குகிறார்கள்?

உயிர் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 பிப்ரவரி 18, டேடோனா 500-ன் கடைசிச் சுற்று. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார், மேலே சொன்ன ஜூனியரின் அப்பா. பார்ப்பதற்கு அவ்வளவு பயங்கரமான மோதலாகக்கூடத் தெரியவில்லை. உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொண்டது, தலையை எதுவும் பிடிக்கவில்லை. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. அதே வருஷம் அக்டோபரில், ஹெல்மெட்டைத் தோளோடு இணைத்துத் தலை முன்னால் வீசாமல் தடுக்கும் கருவி கட்டாயமானது. பிறகு டிராக் சுவர்களுக்கு முன்னால் இரும்புக் குழாயும் ஃபோமும் சேர்த்து, மோதினால் அமுங்கிக் கொடுக்கும் தடுப்புகள் வந்தன. அதன்பின் மூன்று தேசியத் தொடர்களிலும் ஓட்டுநர் யாரும் பந்தயத்தில் இறக்கவில்லை.

ஆனால் மூளை அதிர்ச்சி என்ற பிரச்சினை நிற்கிறது. வெளியே கீறல் இருக்காது. கர்ட் புஷ் 2022-ல் பொக்கோனோ டிராக்கில் தகுதிச்சுற்றில் பின்பக்கமாக மோதினார். நடந்துதான் வெளியே வந்தார். மறுபடி கப் பந்தயம் ஓட்டவே இல்லை. எர்ன்ஹார்ட் ஜூனியரும் அதே காரணத்தால் 2016-ல் பாதி சீசனை விட்டு, 2017 முடிவில் முழுநேர ஓட்டத்தை நிறுத்தினார். இறங்கிய பின் சிலருக்கு டிவி வர்ணனை, சிலருக்கு அணியில் பங்கு. பலருக்கு, அடுத்த வருஷத்துக்காக யாரும் போன் செய்யவில்லை என்பதுதான் ஓய்வு அறிவிப்பு.

மார்க் மார்டின் ஐந்து முறை இரண்டாமிடம் வந்து, பட்டம் இல்லாமலே 50 வயது தாண்டியும் ஓட்டினார். மைக்கேல் மெக்டவல் அந்த அளவுக்குக்கூடப் பெயர் வாங்காதவர். 2008-ல் கப் தொடருக்கு வந்தார். அந்த வருஷமே டெக்சஸ் தகுதிச்சுற்றில் அவர் வண்டி சுவரில் மோதி உருண்டு உருண்டு போனதைத்தான் பலரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். சின்ன அணிகள், பழைய வண்டிகள். செலவு மிச்சமென்று சில சுற்று ஓட்டிவிட்டு வண்டியை ஓரங்கட்டிய பந்தயங்களும் உண்டு. 2021 டேடோனா 500 அவருக்கு 358-வது கப் பந்தயம். அதுவரை ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. கடைசிச் சுற்றில் முன்னால் போன பிராட் கெசலோவ்ஸ்கியின் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கெசலோவ்ஸ்கி முந்தப் பார்க்க, முதலில் இருந்த ஜோயி லொகானோ தடுக்கப் பார்க்க, இருவரும் மோதிச் சிதறினார்கள். நடுவில் திறந்த வழியில் மெக்டவல் புகுந்து போனார். 200 சுற்றுகளில் அவர் முதலிடத்தில் இருந்தது அந்த ஒரே சுற்றுதான்.